வீட்டில் மிஸி இருக்கிற பிள்ளைகள்

பிள்ளைகள் வார்ட்டில் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு நேரம் வரும். பார்க்க வந்தவர்கள் போயிருப்பார்கள். மருந்து கொடுத்து முடிந்திருக்கும். கை கழுவும் தொட்டியில் நிற்கிற தண்ணீரில் வெயில் பட்டு, அந்த வெளிச்சம் கூரையில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். தெருவுக்கு அப்பால் கடல் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அது சத்தமில்லாமல் கிடக்கும். அப்போது கட்டில்களுக்கு நடுவே நடந்தால் மூச்சுகள் மட்டும் கேட்கும். ஒரு பிள்ளையின் மூச்சு இன்னொரு பிள்ளையின் மூச்சைப் போல இருக்காது. பிறந்து சில வாரங்களே ஆன பிள்ளைகளின் மூச்சு ஓடும், பிறகு ஏதோ யோசிப்பது போல நிற்கும், பிறகு மறுபடி ஓடும். அந்தச் சின்ன நிறுத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றதிலேயே என் இளமையின் பெரும்பகுதி போயிருக்கிறது.

போன மாதம் அந்த வார்ட்டை விட்டு வந்தேன். ஓய்வு என்று சொன்னால் சிரிப்பார்கள், என் தலையில் இன்னும் ஒரு நரை இல்லை. இனித் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படிப்பிக்கப் போகிறேன். ஆனாலும் கட்டிலடியில் நிற்கிற வேலை எனக்கு முடிந்துவிட்டது. அதனால் இதை ஓய்வுபெற்றவர்கள் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன்.

நான் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் வார்ட்டுச் சுவரில் ஒரு புதிய மட்டை தொங்கவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கடுமையான கிருமித்தொற்று வருவதற்கான ஆபத்துக் காரணிகள் அதில் சிவப்பிலும் மஞ்சளிலும் இருந்தன. மூன்று மாதத்துக்குக் குறைந்த வயது, அதிலும் முதல் மாதம். மாதம் நிறையமுன் பிறந்தது. நிறை குறைந்தது. பிரசவத்துக்கு நெடுநேரம் முன்னரே பன்னீர்க்குடம் உடைந்தது. பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல். தடுப்பூசி தவறியது. இதயத்திலோ சிறுநீர்ப் பாதையிலோ பிறவிக் கோளாறு. எல்லாம் சரியாக இருந்தது. அந்த மட்டைக்குக் கீழே நின்றுதான் இணுவிலில் இருந்து வந்து புதிதாக வேலையில் சேர்ந்த தர்ஷினி கேட்டாள்.

"அக்கா, மட்டையில எல்லாம் கிடக்கு. நீங்கள் பாத்ததை எழுதித் தந்திட்டுப் போங்கோ."

"மட்டையே போதும் பிள்ளை."

"மட்டை கதைக்காதே அக்கா."

அவளுக்காகவும் அவளுடன் வேலை செய்கிற மற்றப் பிள்ளைகளுக்காகவும் இது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. அப்பாவுக்கும் அண்ணைக்கும் கடலில் நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும், பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது. அம்மா யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸை அதன் முகப்பில் தொங்குகிற மாலையை வைத்து அறிவாள். நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தபோது என் புத்தகத்தில் இருந்த இதயத்தின் படத்தைப் பார்த்து, இது என்ன மீன் என்று அண்ணை கேட்டான். பயிற்சி வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோடம்பழத்தில் ஊசி போடப் பழகினோம், விறைப்பாகக் கட்டில் விரித்தோம், சிங்களம் கொஞ்சம் பிடிபட்டது, அழுதோம், சோதனை பாஸ் பண்ணினோம். ஊர் "மிஸி" என்று கூப்பிடுகிற தாதியாக, வெள்ளைச் சட்டையோடு வடமராட்சிக்குத் திரும்பி வந்து, எங்கள் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிள்ளைகள் வார்ட்டில் கால் வைத்தேன். அங்கே வார்ட்டின் தலைமைத் தாதி கிறேஸ் சிஸ்டர் இருந்தார்.

சிஸ்டர் அச்சுவேலிப் பக்கம். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அவருடைய வீட்டிலோ, மிஷன் பள்ளிக்கூடங்களின் புண்ணியத்தில், படிக்காத கடைசி ஆள் யார் என்பதே யாருக்கும் ஞாபகமில்லை. ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. தாதிமாரை "நீர்" என்பார். புதிய டொக்டர்மாரையும் சிலவேளை "நீர்" என்றுவிடுவார். தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் மட்டும் எப்போதும் "நீங்கள்" என்றே கதைப்பார். "ஐயா, இப்ப உங்கடை சட்டையைக் கழட்டப் போறன். கோவிக்காதேங்கோ." பிறந்து இருபது நாள் ஆன ஐயா கண்ணைத் திறந்து அவரைப் பார்ப்பார்.

முதல் நாள் காய்ச்சலோடு ஒரு பிள்ளை வந்ததும் நான் ஓடிப்போய் நெற்றியில் கை வைத்தேன்.

"கையை எடும்," என்றார் சிஸ்டர். "பின்னாலை கட்டும்."

நான் பள்ளிக்கூடத்தில் குழப்படி செய்த பிள்ளை மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நீர் தொட்டால் பிள்ளை அழும். அழத் தொடங்கினால் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளைதான். தொடமுதல் என்ன தெரியுது, சொல்லும்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொல்லவுமில்லை, தானும் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரியத் தொடங்கியது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்து எழுந்தது. மூக்கின் ஓரங்கள் விரிந்தன. உதட்டைச் சுற்றி ஒரு வெளிறல். தாய் அசைந்தபோது பிள்ளையின் கண் அவள் பின்னால் போகவில்லை. இருண்ட அறைக்குள் போய் நின்றால் மெல்ல மெல்லச் சாமான்கள் துலங்குமே, அதுபோல அந்தப் பிள்ளை எனக்குத் துலங்கியது.

அதற்குப் பிறகுதான் தொடலாம். தொடமுன் கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும், குளிர்ந்த கையோடு போனால் எங்கள் மணிக்கட்டில் சிஸ்டரின் தட்டு விழும். பிறகு சட்டை, தொப்பி, காலுறை, பம்பஸ் எல்லாம் கழற்ற வேண்டும். "சட்டைக்குள்ளை கிடக்கிற பிள்ளையை ஒருத்தரும் பாக்கேல்லை," என்பார். உள்ளங்கால் சூடா, குளிரா. நெஞ்செலும்பில் ஒரு விரலை அழுத்தி எடுத்தால், வெளிறிய இடத்துக்கு இரத்தம் எவ்வளவு கெதியாகத் திரும்புகிறது. உச்சிக்குழி தட்டையா, பொங்கியிருக்கிறதா. தொப்புளைச் சுற்றிச் சிவப்பு உண்டா. தோல் மடிப்புகளில் கொப்புளமோ புள்ளியோ உண்டா. இவ்வளவும் முடியும்வரை அவர் பிள்ளையோடு கதைத்துக்கொண்டே இருப்பார், எங்களோடு கதைக்கமாட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது என்று எந்தத் தாயும் வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் நாவூறு பட்டுவிடும். கன்னம் இரண்டும் பிதுங்க, நாடியில் பால் வழிய ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, "துளியும் குடிக்கிறானில்லை மிஸி," என்று சொல்வார்கள். நாங்கள் சிரித்துவிட்டுப் போவோம். அதில்தான் ஆபத்து. பால் குடியாமை சின்னப் பிள்ளையில் கடும் தொற்றின் முதல் அடையாளங்களில் ஒன்று. உண்மையாகவே குடியாத பிள்ளையின் தாயும் அதே வார்த்தையைத்தான் சொல்வாள். நாளும் பொழுதும் கேட்ட வார்த்தை என்றபடியால் எங்கள் காது அதைத் தள்ளிவிடும்.

சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதே கிடையாது. தாயைக் கதிரையில் இருத்தி, முந்தானையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, சும்மா கதைப்பது போலக் கேட்பார்.

"பிள்ளை, உங்களுக்கு மார்பு கனக்குதோ?"

தன் உடம்பைப் பற்றிச் சொல்ல நாவூறு இல்லை. "இல்லை சிஸ்டர், லேசாத்தான் கிடக்கு," என்றால் பிள்ளை குடிக்கிறது. "காலமையிலிருந்து கல்லு மாதிரி," என்றால் சிஸ்டர் கண்ணாடிக்கு மேலால் டொக்டரைப் பார்ப்பார். டொக்டர் எழுந்து வருவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு வேறு காரணம் தெரியாத கைக்குழந்தைகளில் கிருமி பலவேளை சிறுநீரில்தான் ஒளிந்திருக்கும். கலப்பில்லாமல் அதைப் பிடிப்பது ஒரு தவம். பால் கொடுத்து, கழுவித் துடைத்து, ஒருவர் பிள்ளையைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கி வைத்திருக்க, மற்றவர் அடிவயிற்றில் இரண்டு விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு போத்தலோடு காத்திருக்க வேண்டும். ஒரு பின்னேரம் சிஸ்டரும் நானும் அப்படி ஒரு பையனோடு நின்றோம். யன்னலுக்கு வெளியே மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம். அவன் சிஸ்டரின் கையில் தொங்கிக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஐயா, மழை வருமோ?" என்று சிஸ்டர் கேட்டார்.

ஐயா இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு நாங்கள் இருவரும் எதிர்பாராத பக்கமாக, சிஸ்டரின் கண்ணாடியில் மழை பெய்தது.

"உது கணக்கில்லை," என்றார் சிஸ்டர், முகத்தைத் துடைக்காமலே. "மிச்சத்தைப் பிடியும்."

பிடித்தேன். அதில் கிருமி இருந்தது. அந்தப் பையன் இப்போது சைக்கிள் ஓடுவான்.

இனி எழுதப்போவது எங்கள் வீடு இருக்கிற சின்னத் தெருவான ஒழுங்கையைப் பற்றி.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அம்மா என் பெயரை மறந்துவிட்டாள். வீட்டுக்குள்ளும் "மிஸி" என்றே கூப்பிட்டாள். "மிஸிக்கு மீன் தலை எடுத்து வையுங்கோ." "மிஸி குளிக்கிறா, சத்தம் போடாதேங்கோ." என் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, பின்வளவில் கொடி இருக்க, தெருவைப் பார்த்த முன்வேலியில் காயப்போடுவாள். காற்றில் அது கையை விரித்து ஆடும். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. பஸ்ஸால் இறங்கி வரும்போது தூரத்திலேயே அந்த வெள்ளை தெரிந்தால் நடை மாறும்.

அண்ணையின் மனைவி சுகந்தி மச்சாளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. சொன்ன நாளுக்கு மூன்று கிழமை முந்திப் பிறந்தது. பன்னீர்க்குடம் முதல்நாளே உடைந்தும் பிரசவ நோ தொடங்கவில்லை என்று மச்சாள் வீட்டில் இருந்துவிட்டாள். பிரசவத்தன்று அவளுக்குக் காய்ச்சல் இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்து, எல்லாம் சரி என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்கு ஒன்றரை மாதம் ஆனபோது அது நடந்தது.

அன்று எனக்குக் காலை வேலை. நான் போய்க் கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உடம்பு சுட்டிருக்கிறது. பால் கொடுத்தால் வாயை எடுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு யோகன் ஓட்டோவை எங்கள் படலையில் கொண்டுவந்து நிறுத்தி, ஏறுங்கோ, கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அம்மா மறுத்துவிட்டாள்.

"வீட்டில ஒரு மிஸியை வைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில போய் நிக்கிறதோ? ஊர் சிரிக்கும். மத்தியானம் வந்திடுவாள்."

போன் பண்ணுவோமா என்று மச்சாள் கேட்டாளாம். டியூட்டி நேரத்தில் கரைச்சல் கொடுத்தால் மேலதிகாரிகளுக்குப் பிடிக்காது என்று அம்மா அதையும் தடுத்துவிட்டாள். இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் காலை முழுவதும் நான் ஊர்ப் பிள்ளைகளின் உச்சிக்குழியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிள்ளை ஒரு குறுகிய பஸ் பயணத் தூரத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் வந்திறங்கியபோது காற்று ஓய்ந்திருந்தது. கடல் கண்ணாடி மாதிரி. பூவரசு நிழலில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. எனக்கு வழி விடுவதற்காக எழுந்தார்கள். ஏதோ நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குள் நுழைவது போல இருந்தது.

"இஞ்சை, மிஸி வந்திட்டா," என்றாள் அம்மா. "ஒண்டுமில்லை பிள்ளை. காலமை கொஞ்சம் சுட்டது. நான் துடைச்சு விட்டனான். இப்ப நல்லா ஆறிட்டுது. குளிர்ந்துபோய்ப் படுக்கிறாள். பாட்டும் படிக்கிறாள், கேளன்."

அறை அரையிருட்டாக இருந்தது. சேலைத் துணியில் கட்டிய ஏணை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம், ம், ம், ம் என்று, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. தேன்பூச்சி ஒன்று தூரத்தில் சுற்றுவது மாதிரி.

அது பாட்டு இல்லை. நெஞ்சு மூடிவிடாமல் இருக்கப் பிள்ளை ஒவ்வொரு மூச்சையும் தொண்டையில் பிடித்து வைக்கிற முனகல். கடும் தொற்று வந்த மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பு சுடவேண்டும் என்றும் இல்லை. சுடுவதற்குத் தெம்பில்லாமல் குளிர்ந்து போவார்கள். சூடு இறங்கியது என்று வீடு ஆறுதல் அடைகிற நேரத்தில்தான் பிள்ளை இறங்கிக்கொண்டிருக்கும்.

நான் ஏணைக்குள் குனிந்து பார்த்தேன். என் கைகள் பின்னால் கட்டியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். பிறகு துணியை எடுத்தேன். கால்களில் சலவைக்கல்லில் ஓடுவது போல நீலக் கோடுகள். உள்ளங்கால் ஈர மணல் மாதிரிக் குளிர். நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தேன். வெளிறிய இடம் வெளிறியே இருந்தது.

"மச்சாள், உங்களுக்கு மார்பு கனக்குதோ?"

சுகந்தி மச்சாள் அழத் தொடங்கினாள். "விடியத்திலிருந்து கொதிக்குது. மாமி சொன்னவ, நீர் வந்து பாப்பீர் எண்டு."

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றி, பிள்ளையை என் வெறும் நெஞ்சோடு வைத்து, மேலால் சால்வையைச் சுற்றினேன். அம்மா வாசலில் நின்றாள்.

"எங்கை கொண்டு ஓடுறாய்? ஒரு மருந்தைக் குடுவன் பிள்ளை. உன்னட்டை இல்லாத மருந்தோ?"

"என்னட்டை ஒண்டும் இல்லை அம்மா. வழியை விடுங்கோ."

அம்மாவின் முகத்தில் ஒரு புரியாமை வந்தது. என்னிடம் இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள்.

யோகன் ஓட்டோவை ஓட்டினான். கடலோர வீதி முழுவதும் வெயில் பரந்து கிடந்தது, வலைகள் காய்ந்தன, ஒரு நாய் படுத்திருந்தது, எல்லாம் கனவில் போவது போல மெதுவாகப் போயின. நான் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தேன். "நித்திரை கொள்ளாதேங்கோ அம்மா. நித்திரை கொள்ளாதேங்கோ." நான் அவளை "நீங்கள்" என்று கதைத்தது எனக்கே வித்தியாசமாகக் கேட்டது.

வார்ட்டில் சிஸ்டர் பிள்ளையை என் நெஞ்சிலிருந்து எடுத்தார். நானும் பின்னால் போனேன். அவர் திரும்பினார்.

"நீர் இப்ப பிள்ளையின்ரை மாமி. வெளியில நில்லும்."

திரையை இழுத்துவிட்டார்.

திரைக்கு இந்தப் பக்கம் மச்சாளோடு நின்றேன். உள்ளே ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரிந்த சத்தம். கையுறைப் பொதி கிழிந்தது. ஒட்சிசன் சீறியது. டொக்டர் நாளம் தேடினார். முதல் முறை கிடைக்கவில்லை, இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை. "கால் பக்கம் பாப்பம் டொக்டர்," என்று சிஸ்டரின் குரல். பிறகு ஒரு அமைதி, அதற்குப் பிறகு பிளாஸ்ரர் ஒட்டும் சத்தம். கிடைத்துவிட்டது. இரத்தம் எடுப்பார்கள், கிருமி வளர்த்துப் பார்க்க. அன்ரிபயோட்டிக்கை முடிவு வரும்வரை வைத்திருக்கமாட்டார்கள், உடனே போடுவார்கள். பெரிய சிறிஞ்சால் சேலைனை அளந்து அளந்து தள்ளுவார்கள். முதுகுத் தண்டில் நீர் எடுப்பது மூச்சு நிலைத்த பிறகு. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததில் ஒன்றும் எனக்கு உதவவில்லை.

அண்ணை கரையிலிருந்து ஓடிவந்தான். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, நீ ஏன் வெளியில நிக்கிறாய்? நீ மிஸிதானே."

"உள்ளை வேறை மிஸி இருக்கினம் அண்ணை."

"அம்மா சொன்னவ, நீ வந்தால் சரி எண்டு."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. வானம் வெளித்தால் கடலுக்குப் போகலாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

பொழுது சாயும் நேரம் சிஸ்டர் வெளியே வந்தார். பிள்ளை மூச்செடுக்கிறது, முனகல் குறைந்திருக்கிறது என்றார். கை கழுவும் தொட்டிக்குப் போய், திரும்பிப் பாராமல் கேட்டார்.

"காலமையே சுட்டதாம். உம்மடை வீடு பக்கத்தில. பின்னை ஆரைப் பாத்துக்கொண்டு இருந்தவை?"

"என்னை, சிஸ்டர்."

அவர் நெடுநேரம் கை கழுவினார்.

முதுகுத் தண்டில் எடுத்த நீர் கலங்கியிருந்தது. மூளையைச் சுற்றிய சவ்வில் கிருமி ஏறியிருந்தது. கிழமைக் கணக்கில் அன்ரிபயோட்டிக் ஓடியது. பிள்ளை பிழைத்தாள். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் கேட்கும் சோதனை செய்தபோது இடது காதில் ஒரு சத்தமும் விழவில்லை என்றார்கள். இப்போது ஓடித் திரிகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகத்தை மட்டும் திருப்பமாட்டாள், முழு உடம்பையும் திருப்பி, சத்தம் எங்கிருந்து வந்தது என்று வளவெல்லாம் தேடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஆட்டம் மாதிரி வடிவாக இருக்கும்.

தர்ஷினி, இந்த ஒரு காரணி உங்கள் மட்டையில் இல்லை. வீட்டில் மிஸி இருப்பது. மிஸி என்றில்லை, டொக்டரின் மாமியாராக இருக்கலாம், மருந்துக்கடையில் நிற்கிற மருமகனாக இருக்கலாம். எங்கள் சனம் மருந்தை மதிப்பார்கள், ஆஸ்பத்திரிக்கும் பயமில்லை. ஆனால் தங்கள் ஆள் ஒருவர் படித்து வந்துவிட்டால் ஆஸ்பத்திரியே வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அந்த நினைப்பை வளர்ப்பது அறியாமை இல்லை. பெருமை.

அதற்குப் பிறகு இது குறையும் என்று நினைத்தேன். கூடியது. எங்கள் பிள்ளை பிழைத்தது என் கைராசியால் என்று ஒழுங்கை முடிவு செய்துவிட்டது. நெஞ்சில் வைத்துக்கொண்டு போனாளாம், அதிலேயே பாதி நோய் போய்விட்டதாம். நான் பஸ்ஸால் இறங்க, படலையில் பிள்ளைகளோடு நிற்கத் தொடங்கினார்கள். அம்மா அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டாள்.

ஒரு நாள் பாக்கியமக்கா வந்தார். என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர். மடியில் மகளின் பிள்ளை, இரண்டு மாதம், கன்னம் சிவந்திருந்தது.

"மிஸி, ஒருக்காத் தொட்டுப் பாரணை. சுடுற மாதிரிக் கிடக்கு."

நான் கையைப் பின்னால் கட்டினேன்.

"நான் பாக்கமாட்டன் அக்கா. யோகனைக் கூப்பிடுறன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

"நீ பாத்துச் சொல்லு, பிறகு போவம்."

"பாக்கமாட்டன்."

"தொட்டால் கை தேய்ஞ்சிடுமோ?"

"மூண்டு மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளை சுட்டாலும் போக வேணும், குளிர்ந்தாலும் போக வேணும், குடிக்காட்டிலும் போக வேணும். நான் தொட்டு, ஒண்டுமில்லை எண்டு சொன்னால் நீங்கள் இருந்திடுவியள். அதுக்குத்தான் தொடேல்லை."

பாக்கியமக்கா எழுந்தார். பூவரசடியில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "நாலு எழுத்துப் படிச்ச உடனை எங்கடை பிள்ளையள் நாறுதாக்கும். ஆஸ்பத்திரியில காசுக்குத் தொடுவா, ஒழுங்கையில தொடமாட்டா. நல்ல திமிர்."

அவர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார், கோபத்தோடு, யோகனின் ஓட்டோவில் ஏறாமல் வேறு ஓட்டோ பிடித்து.

அம்மா அன்று என்னோடு சாப்பிடவில்லை. "உன்னை ஆர் படிப்பிச்சது? கொப்பரும் கொண்ணனும் மட்டுமே? இந்தச் சனம் உனக்கு ஒரு காலம் சோறு போட்டது. அதுகளின்ரை முகத்தில கதவைச் சாத்துறாய்."

"கதவைச் சாத்தேல்லை அம்மா. வேறை கதவைக் காட்டினனான்."

"வாய் நல்லாப் படிச்சிருக்கு," என்றாள்.

அதிலிருந்து அவள் என்னை மிஸி என்று கூப்பிடவில்லை. என் பெயரையே சொன்னாள், அதுவும் வேறு யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்கிற மாதிரி. வெள்ளைச் சட்டை பின்வளவுக் கொடிக்குப் போனது. ஒழுங்கையால் நடக்கும்போது கதை நின்று, நான் கடந்த பிறகு தொடங்கும். கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்கும். நான் எதையும் விளக்கப் போகவில்லை. விளக்கினால் மனம் இளகி மறுபடி பிள்ளையை நீட்டுவார்கள். திமிர் என்றால் திமிர் என்று இருந்தேன். எனக்கு அது கொஞ்சம் பொருந்தவும் செய்தது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம், மூச்சுகள் மட்டும் கேட்கிற அந்த நேரத்தில், மருந்து அலுமாரியைப் பூட்டிக்கொண்டு சிஸ்டர் கேட்டார்.

"உமக்கு ஊரில என்ன பெயர் தெரியுமோ?"

"தெரியும் சிஸ்டர். திமிர் பிடிச்சவள்."

"ஓம். காய்ச்சல் பிள்ளையளோடை வாற உம்மடை ஒழுங்கைத் தாய்மார் எனக்கு முதல் சொல்லுறது அதுதான்." திறப்பைப் பையில் போட்டார். "ஆனா இப்ப சூடு ஆறமுதல் வந்திடுகினம்."

கிறேஸ் சிஸ்டரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு எவருக்கும் கிடைத்ததாக நான் அறியேன்.

போன கிழமை மழை விட்ட ஒரு காலை. எனக்கு வேலை இல்லை, குசினிக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே எல்லாம் சாம்பல் நிறம், கடலும் வானமும் ஒன்றாகக் கிடந்தன. அம்மா முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டது. படலையடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணின் குரல்.

"அம்மா, இதிலை ஒரு மிஸி இருக்கிறாவாமே. நிக்கிறாவோ?"

நான் குவளையை வைத்துவிட்டு எழுந்தேன். அதற்குள் அம்மா சொன்னாள்.

"நிக்கிறாள். பாக்கமாட்டாள். திமிர் பிடிச்சவள்."

"ஒருக்காத் தொட்டுப் பாத்தாப் போதும் அம்மா. பிள்ளை லேசாச் சுடுது."

"எத்தினை மாசம்?"

"இன்னும் ரெண்டு முடியேல்லை."

"பின்னை இதில ஏன் நிக்கிறாய்?" அம்மாவின் குரல் உயரவில்லை. "நானும் உன்னை மாதிரி மிஸி வருவாள் எண்டு இந்த வாசலில இருந்தனான். என்ரை பேத்திக்கு ஒரு காது போயிட்டுது. போ பிள்ளை, நேரே போ. ஒருத்தரையும் பாத்துக்கொண்டு நிக்காதை."

ஓட்டோ புறப்பட்டது. அது கடலோர வீதிக்கு ஏறி, ஆஸ்பத்திரிப் பக்கமாகத் திரும்பி, சத்தம் ஓயும்வரை அம்மா கூட்டவில்லை.